ஓசிடி சிகிச்சை: உடனடி நிம்மதியைத் தேடுவதில் நடக்கும் தவறுகள்

கழுவிக் கழுவிக் கை வெடித்துத் தோல் உரியும்போது பலரும் முதலில் தோல் மருத்துவரிடம்தான் போகிறார்கள். களிம்பு கிடைக்கிறது, கழுவுவது நிற்பதில்லை. சாமி படத்தைப் பார்த்தாலே அசிங்கமான எண்ணம் வருகிறது என்றால் ஜோசியர், பரிகாரம், தாயத்து. பூட்டைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பவருக்கு வீட்டில் ‘ரொம்பப் பொறுப்பு’ என்று பெயர். இப்படியே வருடங்கள் ஓடிவிடுகின்றன. எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்லப்படும் ஓசிடியில் முதல் தவறு, அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டு வேறு இடத்தில் வைத்தியம் பார்ப்பது.

நோய் ஓடும் விதத்தைப் புரிந்துகொண்டால் மற்ற தவறுகள் தாமாகவே தெரியும். வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப நுழைகிறது. பதற்றம் ஏறுகிறது. அதைத் தணிக்கக் கழுவுகிறார், சரிபார்க்கிறார், எண்ணுகிறார், மனசுக்குள் சுலோகம் சொல்கிறார், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார். சில நிமிடம் நிம்மதி. அந்த நிம்மதிதான் இந்த நோய்க்குத் தீனி. ‘கழுவினதால்தான் தப்பித்தோம்’ என்று மூளை பாடம் படித்துக்கொண்டு, அடுத்த முறை இன்னும் அதிகமாகக் கேட்கிறது. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறது, அல்லது வேலையும் படிப்பும் குடும்பமும் கெடுகின்றன என்றால் காத்திருக்கக் கூடாது. சிகிச்சைக்குப் போன பிறகும் அந்தச் சில நிமிட நிம்மதியையே தேடிக்கொண்டிருப்பதால்தான் பலருக்குக் குணம் தள்ளிப்போகிறது.

யாரிடம் போவது, என்ன சொல்வது

‘கீழ்ப்பாக்கம்’ என்ற சொல்லையே வசவாக்கி வைத்திருக்கும் ஊர் இது. 1794இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் பெயருக்குப் பயந்தே சிகிச்சைக்குப் போகாதவர்கள் சென்னையில் உண்டு. அங்கே புறநோயாளியாகப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே போகத் தயக்கம் என்றால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். பரிசோதனையும் அங்கே தரும் மாத்திரையும் இலவசம். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சு வழியிலும் பயிற்சி வழியிலும் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சில வாரச் சான்றிதழ்ப் படிப்போடு ‘கவுன்சிலர்’ பலகை மாட்டியிருப்பவரிடம் மாதக்கணக்கில் பணத்தைக் கரைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பயத்தை எதிர்கொண்டு பழகும் பயிற்சிக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர்; அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: “ஓசிடிக்கு ஈ.ஆர்.பி. செய்வீர்களா? வீட்டுப் பயிற்சி கொடுப்பீர்களா?” மூச்சுப் பயிற்சி மட்டும் போதும், எண்ணம் வந்தால் கையில் ரப்பர் பேண்டைச் சுண்டிக்கொள்ளுங்கள் என்றால், அவர் ஓசிடிக்கான சிகிச்சையைச் செய்யவில்லை.

மருத்துவரிடம் கை கழுவுவதை மட்டும் சொல்லிவிட்டு, கைக்குழந்தையைக் கத்தியால் குத்திவிடுவோமோ, கருவறை முன்னால் கெட்ட வார்த்தை வந்துவிடுமோ, கூடப் பிறந்தவர்களைப் பற்றித் தப்பாக எண்ணம் வருகிறதே என்பதையெல்லாம் விழுங்கிவிடுகிறார்கள். இவை ஓசிடியில் சாதாரணமாக வரும் எண்ணங்கள். வந்தவரே அருவருத்து நடுங்குவதுதான் இவற்றின் அடையாளம். சொல்லாமல் விட்டால் சிகிச்சை பாதி நோய்க்கு மட்டும்தான் நடக்கும். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த எண்ணம், அதற்கு என்ன செய்கிறீர்கள், தினமும் எவ்வளவு நேரம், எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் குழப்பமான பேச்சு, தூக்கமே இல்லாமை, காதில் குரல் கேட்பது என்றால் அது வேறு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யேல்-பிரவுன் அளவுகோல் என்ற பத்துக் கேள்விப் பட்டியலை மருத்துவர் போடுவார். மொத்தம் 40 மதிப்பெண். 16 முதல் 23 வரை மிதமான நோய், 24 முதல் கடுமை. தொடக்க மதிப்பெண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து ‘ஏதோ பரவாயில்லை’ என்று சொல்வதை விட அந்த எண் தெளிவாகப் பேசும்.

மாத்திரை

பத்து நாள் சாப்பிட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்று அடுத்த மருத்துவரிடம் ஓடுவதுதான் இங்கே பெரிய தவறு. ஃப்ளூவாக்ஸமின், செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸிடின் போன்றவை ஓசிடியில் வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகும். அதிலும் உடம்பு தாங்கும் உயர்ந்த அளவில் 4 முதல் 6 வாரமாவது இருந்தால்தான் அந்த மருந்து பலித்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியும். மனச்சோர்வுக்குத் தருவதை விட ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படுகிறது: செர்ட்ரலின் 200 மி.கி. வரை, ஃப்ளூவாக்ஸிடின் 60 முதல் 80 மி.கி. வரை, ஃப்ளூவாக்ஸமின் 300 மி.கி. வரை படிப்படியாக ஏற்றுவார்கள். ‘டோஸ் ஏறிக்கிட்டே போகுது, நமக்கு முத்திப்போச்சு’ என்று பயந்து தாமாகவே பாதியாக உடைத்துச் சாப்பிடுபவர்கள் கடைசி வரை முழுச் சிகிச்சையைப் பார்ப்பதே இல்லை. க்ளோமிப்ரமின் என்ற வேறு வகை மருந்து தரப்பட்டால், முன்பே இதயக் கோளாறு இருந்தால் அதைச் சொல்லி ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, சிலருக்குப் படபடப்பு வரும், பெரும்பாலும் தணிந்துவிடும். உணவுக்குப் பின் சாப்பிட்டால் குமட்டல் குறையும். தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைந்தால் கூச்சப்பட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு. 25 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொடக்க வாரங்களில் வீட்டார் கவனமாகப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

அல்பிரசோலம், க்ளோனாசிபம் போன்ற மாத்திரைகள் அரை மணியில் பதற்றத்தைத் தணிக்கும். அதனாலேயே ‘இதுதான் நல்ல மருந்து’ என்று பிடித்துக்கொள்கிறார்கள். இவை ஓசிடியைக் குணப்படுத்துவதில்லை. பழகிவிடும் ஆபத்தும் உண்டு. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருப்பது கூடவே கூடாது.

நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் திடீரென நிறுத்துவது, நிச்சயதார்த்தம் ஆனதும் பெண் வீட்டுக்கோ மாப்பிள்ளை வீட்டுக்கோ தெரியாமலிருக்க நிறுத்துவது, இரண்டும் நோயைத் திரும்ப அழைக்கும். நிறுத்திய சில நாளில் தலைசுற்றலும் உடம்பில் மின்சாரம் ஓடுவது போன்ற உணர்வும் வரலாம். நன்றாகக் குணம் தெரிந்த பிறகும் ஒன்று முதல் இரண்டு வருடம் தொடர்ந்து, பிறகு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை 10 முதல் 25 சதவீதம் வரை குறைப்பதுதான் முறை. கர்ப்பம் என்று தெரிந்ததும் பதறி நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை.

எதிர்கொள்ளும் பயிற்சி

ஈ.ஆர்.பி. என்பது பயப்படும் பொருளை வேண்டுமென்றே தொட்டு அல்லது எண்ணி, வழக்கமான செயலைச் செய்யாமல் இருக்கப் பழகுவது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் இந்த வழியில் இரண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து எழுதினார்; இன்றும் ஓசிடிக்கான உளவியல் சிகிச்சையில் முதல் இடம் இதற்குத்தான். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்.

முதலில் பயங்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு ஏணி அமைப்பார்கள். வாசல் கேட் 30, மாநகரப் பேருந்துக் கம்பி 50, மின்சார ரயில் நிலையப் படிக்கட்டின் கைப்பிடி 60, பொதுக் கழிப்பறைத் தாழ்ப்பாள் 90 என்று வைத்துக்கொள்வோம். 30லோ 40லோ தொடங்குவது நல்லது. வீறாப்பாக 90இல் குதித்து, நடுவில் ஓடிப்போய்க் குளித்துவிட்டால் ‘குளித்ததால் பிழைத்தேன்’ என்ற பழைய பாடம்தான் உறுதியாகும்.

இந்தப் பயிற்சியை எது கெடுக்கிறது என்று பாருங்கள். கம்பியை விரல் நுனியால் தொடுவது. முழு உள்ளங்கையால் பிடித்து, அதே கையால் சட்டை, மொபைல், தலையணை எல்லாவற்றையும் தொட வேண்டும். தொட்டுவிட்டு, ‘வீட்டுக்குப் போனதும் குளிச்சுக்கலாம்’ என்று மனசுக்குள் தவணை வாங்கிக்கொள்வது. பையில் சானிடைசர் வைத்திருப்பது. யாருக்கும் தெரியாமல் உள்ளுக்குள் முருகா முருகா என்று 21 தடவை சொல்வது. சிகிச்சையாளரிடமே “ஒண்ணும் ஆகாதுல்ல சார்?” என்று கேட்டு உறுதி வாங்குவது. கேஸ் பயத்துக்கு ரெகுலேட்டரை ஒரு முறை மூடிவிட்டுக் கிளம்பு என்றால், மொபைலில் படம் எடுத்து வழியெல்லாம் பெரிதாக்கிப் பார்ப்பது. எல்லாமே மாறுவேடம் போட்ட பழைய செயல்கள்தான். பதற்றம் உச்சிக்கு ஏறி, எதுவும் செய்யாமலேயே தானாக இறங்குவதை, அல்லது இறங்காவிட்டாலும் தாங்க முடிவதை, உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு நாள் அறையில் செய்தால் போதாது. வீட்டிலும் தினமும் வேண்டும்.

மடி, தீட்டு பார்க்கும் வீடுகளில் ‘சாமியை விடச் சொல்கிறார்கள்’ என்ற அச்சம் வரும். சிகிச்சை பக்தியில் கை வைப்பதில்லை. அதே வீட்டில் அதே ஆசாரம் பார்க்கும் பாட்டி எத்தனை முறை கை கழுவுகிறார் என்பதை அளவாக வைத்துக்கொண்டால் எது ஆசாரம், எது நோய் என்று தெரிந்துவிடும்.

வீட்டாரின் அன்புதான் இங்கே அதிகம் தடுமாறும் இடம். “அம்மா, கேஸ மூடினேனா?” “மூடிட்ட கண்ணா.” ஒரு நாளைக்கு நாற்பது தடவை. துவைத்ததையே திரும்பத் துவைத்துக் கொடுப்பது, கத்தியை எல்லாம் ஒளித்து வைப்பது, வெளியே போய் வந்தவரை வாசலிலேயே குளிக்க வைப்பது எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் நோய் அதில்தான் வளர்கிறது. அதற்காக நாளை முதல் எதற்கும் பதில் கிடையாது என்று சட்டம் போட்டால் வீடு போர்க்களமாகிவிடும். சிகிச்சையாளர் முன்னால் எல்லோரும் பேசி, நாற்பதைப் பத்தாக்கி, பிறகு இரண்டாக்கி, பிறகு நிறுத்துங்கள். கேள்வி வந்தால், “இது ஓசிடி கேக்கற கேள்விடா. நான் பதில் சொல்லல, ஆனா உன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்” என்று சொல்லலாம். திட்டுவதோ, ‘மனசைக் கட்டுப்படுத்து’ என்பதோ பதற்றத்தை ஏற்றும். பதற்றம் கழுவுவதை ஏற்றும்.

குணமான பிறகு பரீட்சை, பிரசவம், வேலை மாற்றம், வீட்டில் ஒரு சாவு போன்ற நேரங்களில் பழைய எண்ணம் எட்டிப் பார்க்கும். எல்லாம் வீணாகிவிட்டது என்று மருத்துவரை மாற்ற வேண்டாம். எந்த மருந்து எந்த அளவில் கேட்டது, ஏணியில் எதுவரை ஏறினீர்கள் என்ற தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அதை எடுத்துக்கொண்டு பழைய மருத்துவரிடமே போய், அறுந்த படியிலிருந்து பயிற்சியைத் திரும்பத் தொடங்குங்கள்.