விளக்கு நாளுக்கு ஓலைக் கொழுக்கட்டையும் ஒரு வாடைப் பாட்டும்

ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கூதிர் காலம், அதாவது மழையும் குளிருமான பருவம். நம் ராமநாதபுரம் கடற்கரைக்குப் பெருமழை அப்போதுதான். திருக்கார்த்திகை அன்று பிள்ளைகள் மழையால் வீட்டுக்குள்ளேயே கிடந்தால் இதைச் செய்து பாருங்கள்.

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைத் தட்டி 1 கப் எடுத்து, அரை கப் தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து வடிகட்டுங்கள். அடியில் மண் தங்கும், அதனால் வடிகட்டாமல் விடாதீர்கள். பாகு பதம் வேண்டாம். வறுத்த பச்சரிசி மாவு 2 கப், தேங்காய்த் துருவல் அரை கப், வேகவைத்த பாசிப்பயறு ஒரு கைப்பிடி, சுக்கு, ஏலக்காய் எல்லாம் கலந்து, கரைசலைச் சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. பனங்குருத்தோலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, மடிப்புக்குள் மாவை அழுத்தி, ஓலை நாராலேயே கட்டி 20 நிமிடம் ஆவியில் வையுங்கள். மூடியைத் திறந்ததும் ஓலையும் கருப்பட்டியும் கலந்து ஒரு வாசம் வரும் பாருங்கள், வாழையிலையில் அவித்தால் அது கிடைக்காது.

வேகிற நேரத்தில், பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டின் தொடக்கத்தைச் சொல்லுங்கள். மொத்தமே 188 அடிகள்தான். மழை மூடிய வானத்தில் பொழுது தெரியவில்லை. தட்டில் வைத்த பிச்சி மொட்டு விரிந்து மணப்பதை வைத்தே மாலை வந்ததை அறிகிறார்கள் பெண்கள். இரும்பு விளக்கில் திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கும்பிடுகிறார்கள்.

அப்புறம் நாலு பிச்சி மொட்டை ஒரு தட்டில் வைத்துப் பிள்ளைகளைக் காவலுக்கு உட்கார வையுங்கள். முதல் மொட்டு விரிந்ததும் அகலை ஏற்றலாம்.