மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு பாசத்தால் செய்யும் தவறுகள்

கடலூர், நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்து முட்டி அல்லது இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. ஆபரேஷன் நன்றாகவே முடிந்திருக்கும். அதற்கு அப்புறம்தான் வீட்டார் பாசத்தில் கெடுத்துவிடுகிறோம்.

"பாவம், ரெண்டு நாள் படுத்திருக்கட்டுமே!" என்பதுதான் முதல் தவறு. மருத்துவர் தடை சொல்லாதவரை அன்று மாலையோ மறுநாளோ எழுந்து நிற்க வேண்டும். அசையாமல் கிடந்தால் காலின் ஆழ்ந்த ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சில் சளி கட்டும், தொடைத் தசை இளைக்கும். நின்றால் புது மூட்டு கழன்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு முதல் நாளே எடையைத் தாங்கும். முழு எடை கூடாது என்று சிலருக்கு மட்டும் சொல்வார்கள், அதைக் கேட்டுவிடுங்கள்.

ஆனால் தனியாக எழுந்திருக்கவே கூடாது. முதுகில் போட்ட ஊசியின் மரமரப்பு போகாமல் கால் ஊன்றினால் விழுந்துவிடுவார்கள். கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, தலை சுற்றவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் நிற்கட்டும். நடக்கும்போது முதலில் வாக்கரை முன்னே வைத்து, அடுத்து ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால்.

வலி மாத்திரையை "உடம்புக்கு ஆகாது" என்று ஒளித்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வலியோடு யார் நடப்பார்கள்? பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னால் கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

முட்டி ஆபரேஷன் ஆனவருக்கு முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது சுகமாகத்தான் இருக்கும். அப்படியே பழகினால் கால் முழுதாக நீளாமல் மடங்கியே நின்றுவிடும், நடையே நொண்டும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

இடுப்பு மாற்றியவருக்கு வேறு கவனம். தரையில் உட்காருவது, குத்துக்கால் வைப்பது, கால்மேல் கால் போடுவது எல்லாம் மருத்துவர் அனுமதிக்கும்வரை வேண்டாம், மூட்டு நழுவலாம். கடலூருக்குக் காரில் திரும்பும்போதும் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் உட்காரவைத்து, பிறகு கால்களை உள்ளே எடுங்கள்.

தைலம் தேய்த்து ஆடுசதையைப் பிடித்துவிடுவதும் கூடாது. ஆடுசதை வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள்.