லியோனில் ஒரு நாள்: மதியச் சாப்பாட்டைக் கோட்டை விடாதீர்கள்

போன மாதம் சொந்தக்காரர் குடும்பம் ஒன்று பிரான்சின் லியோன் நகருக்கு வந்தது. ஒரே நாள், கையில் பதினோரு இடங்களின் பட்டியல். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. முதல் தடவை இந்த ஊரைச் சுற்றிக்காட்டியபோது நான் போட்டதும் அதே பட்டியல்தான். பாஸ்போர்ட் பத்திரம், நடக்க வசதியான ஷூ என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்கிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

போன்ஜூர் (வணக்கம்) சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது

எந்தக் கடையிலும் வேண்டாம்.

மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது

லியோனுக்கு வருவதே சாப்பிடத்தான். 'பூஷோன்' என்கிற சின்ன உணவகங்கள் இந்த ஊருக்கே உரியவை. அவற்றில் பெரும்பாலானவை மதியம் 12 மணிக்குப் பரிமாறத் தொடங்கி, 2 மணிக்குள் அடுப்பை அணைத்துவிடும். மறுபடி திறக்க இரவு 7, 7.30 ஆகும். நம் ஊரில் மூன்று மணிக்குப் போனாலும் சாப்பிட ஏதாவது கிடைத்துவிடும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் பட்டினிதான்.

என் அப்பா அம்மா வந்திருந்தபோது காலையில் ஃபூர்வியேர் குன்றுக்குக் கூட்டிப்போனேன். தேவாலயம், அதன் பக்கத்திலேயே 2000 வருடப் பழைய ரோமானிய அரங்கம். கீழே இறங்கியதும் "இன்னும் ஒரே ஒரு இடம்" என்று சொல்லிச் சொல்லி இழுத்துக்கொண்டே போனேன். பூஷோன் வாசலை அடைந்தபோது மணி 2.15. சமையல் முடிந்துவிட்டது என்றார்கள். அம்மாவுக்குக் கால் வலி, அப்பாவுக்குச் சர்க்கரை. வேறு வழியில்லாமல், நாள் முழுக்கத் திறந்திருந்த, வாசலில் உணவுப் படங்கள் மாட்டிய ஒரு கடையில் உட்கார்ந்தோம்.

அங்கே கெனெல் கேட்டேன். பைக் என்ற ஆற்று மீனின் சதையை மாவு, முட்டை, வெண்ணெயோடு பிசைந்து உருட்டி, நன்னீர் இறால் சாஸ் ஊற்றி அடுப்பில் வைப்பார்கள். நன்றாக உப்பி வரும். உப்பியதும் மேசைக்கு வர வேண்டும், ஆறினால் அமுங்கிவிடும். எங்களுக்கு வந்தது எப்போதோ செய்து சுடவைத்தது, நடுவில் சில்லென்று இருந்தது. "இதுதானா நீ சொன்ன சாப்பாடு?" என்று அப்பா கேட்டார். மூன்று பேருக்கும் நல்ல பூஷோனில் ஆகியிருக்கும் தொகையை அங்கே கொடுத்தேன். காசு போனது போகட்டும். அவர்கள் மறுபடி பிரான்சுக்கு வரவே இல்லை. இன்றைக்கும் அந்தத் தெருவைக் கடந்தால் எனக்கு எரிச்சல் வரும்.

ஆகவே முதலில் 12.15க்கு ஒரு மேசையை முந்தின நாளே சொல்லிவையுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான். காலை 9 மணிக்கு ஃபூர்வியேர் குன்றுக்குப் போய், ரோசேர் தோட்டத்துப் பாதையில் மெல்ல இறங்கினால் நேரே பழைய லியோன் வந்துவிடும். சாப்பாட்டுக்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரப்படுத்த மாட்டார்கள். பட்டியலில் பாதி அடிபட்டுப் போகும். போகட்டும்.

தவறான மலை ரயிலில் ஏறுவது

வியே லியோன் (பழைய லியோன்) நிலையத்திலிருந்து இரண்டு கிளம்பும். 'ஃபூர்வியேர்' என்று எழுதியிருப்பதில் ஏறுங்கள்.

கிழமை பார்க்காமல் வருவது

ஞாயிறும் திங்களும் பல பூஷோன்கள் மூடியிருக்கும். நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. சோன் ஆற்றங்கரையில் சேன் அந்துவான் காலைச் சந்தை திங்கள் தவிர எல்லா நாளும் உண்டு.

பெயரைப் பார்த்து ஆர்டர் செய்வது

'அந்துயெத்' என்பது பன்றி அல்லது கன்றுக்குட்டியின் குடலால் செய்த சாசேஜ். வாடை தூக்கலாக இருக்கும், தெரிந்து கேளுங்கள். 'செர்வெல் த கனு' என்றால் நெசவாளியின் மூளை என்று பொருள். சைவக்காரர்கள் பயந்து ஒதுக்கிவிடுகிறார்கள். அதுவோ பூண்டும் பச்சிலைகளும் கலந்த மென்மையான பாலாடைக்கட்டி.

திராபூலில் சத்தம் போடுவது

வீடுகளுக்குள் புகுந்து அடுத்த தெருவுக்குப் போகும் பழைய நடைவழிகள்தான் திராபூல். சேன் ஜோன் தெரு 54ஆம் எண் கதவில் நுழைந்தால், முற்றம் முற்றமாகக் கடந்து பெஃப் தெரு 27இல் வெளியே வரலாம். மேல் மாடிகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கல் சுவர், குரல் அப்படியே மேலே போகும். நம் குழந்தைகளுக்கு வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

தண்ணீருக்குக் காசு கொடுப்பது

'கராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர்தான், இலவசம்.