இசை இதழ் அட்டையை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலே இதழின் பெயர், நடுவில் பாடகரின் படம், இடப்பக்கம் தலைப்பு வரிகள், மூலையில் பார்கோடு. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் எழுதும் அட்டை ஆய்வுகளில் பாதி இந்தப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில், அந்த அளவில், யாருடைய கண்ணுக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லத் தொடங்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது.

முதல் தவறு, கைப்பேசித் திரையில் சிறிதாகத் தெரியும் படத்தை வைத்து எழுதுவது. அட்டையை உண்மை அளவில் அச்சிடுங்கள். ஏ4 அளவு அட்டை என்றால் நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு கோடு போட்டு ஒன்பது கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 70 × 99 மி.மீ. வரும். முகம் எந்தக் கட்டங்களில் விழுகிறது, எந்தக் கட்டம் காலியாக விடப்பட்டிருக்கிறது என்று குறியுங்கள். முதன்மைத் தலைப்பின் எழுத்து உயரத்தையும் மற்ற வரிகளின் உயரத்தையும் அளவுகோலால் அளந்து எழுதுங்கள். "பெரிய எழுத்து கவனத்தை ஈர்க்கிறது" என்பது எந்த அட்டைக்கும் பொருந்தும் வாக்கியம். "பாடகரின் பெயர் 30 மி.மீ., அடுத்த வரி 8 மி.மீ.; இந்த இதழ் அவருடைய ரசிகரை நம்பியே விற்கிறது" என்று எழுதினால் அது அந்த அட்டையைப் பற்றியதாகிறது.

கடையை மறந்துவிடுவது அடுத்த தவறு. அடுக்குகளில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதி மறைந்துதான் நிற்கும். மேற்பகுதியோ இடப்பக்க ஓரமோ மட்டுமே வெளியே தெரியும். 1986 முதல் 2020 வரை பிரிட்டனில் வெளிவந்த 'கியூ' இதழ் ஒற்றை எழுத்தைச் சிவப்புச் சதுரத்தில் இட்டு இடப்பக்க மேல் மூலையில் வைத்ததை இந்தக் கோணத்தில் பாருங்கள். அட்டை எவ்வளவு மறைந்தாலும் அந்தச் சதுரம் தெரியும். மீதி அகலம் முழுவதும் படத்துக்குக் கிடைக்கும்.

இதழின் பெயர்மேல் பாடகரின் தலை வந்து சில எழுத்துகளை மறைத்தால், அதை வடிவமைப்பாளரின் பிழை என்று எழுதுபவர்கள் உண்டு. பல ஆண்டுகளாக அறிமுகமான பெயர் என்பதால் துணிந்து செய்வது அது. வாசகர் மீதி எழுத்துகளை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார். முதல் இதழை வெளியிடும் புதியவருக்கு அந்த வசதி கிடையாது. எந்த எழுத்துகள் மறைந்தன, எவை மிஞ்சின என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நிறத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். சிவப்பு ஆபத்து, கறுப்பு துக்கம் என்று அகராதி போட்டு வாசிப்பது எந்த அட்டைக்கும் உதவாது. மஞ்சளைப் பார்த்ததும் நமக்கு மங்கலம் தோன்றும். லண்டன் கடையில் நிற்கும் வாசகருக்குத் தோன்ற வேண்டியதில்லை. 1981இல் தொடங்கிய 'கெராங்!' இதழில் கறுப்பைக் கண்டால் துக்கம் என்று எழுதாதீர்கள். அது ராக், மெட்டல் ரசிகர்களின் உடை நிறம். சிதைந்தாற்போன்ற அதன் பெயர் எழுத்துகளோடு சேர்த்துத்தான் அந்தக் கறுப்பைப் படிக்க வேண்டும். பக்கத்து நிறம், அந்த இசைவகையின் வழக்கம், இதழின் பழைய அட்டைகள் மூன்றையும் பார்த்த பிறகே நிறத்துக்குப் பொருள் சொல்லலாம்.

இதனால்தான் ஒரே அட்டையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்கிறோம். அதே இதழின் அடுத்தடுத்த நான்கு அட்டைகளையாவது வரிசையாக வையுங்கள். நான்கிலும் மாறாமல் இருப்பது இதழின் நிரந்தர நடை. ஒன்றில் மட்டும் மாறியது அந்த மாதத்து முடிவு. இரண்டையும் குழப்பினால், எல்லா மாதமும் வரும் எழுத்துருவை "இந்தப் பாடகருக்காகவே தேர்ந்தெடுத்தது" என்று எழுதிவிடுவோம்.

இல்லாததைக் கவனிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய இழப்பு. அமெரிக்க இசை இதழான 'ரோலிங் ஸ்டோன்' 1981 ஜனவரி 22 இதழின் அட்டையில், மனைவி யோகோ ஓனோவை ஆடையின்றிக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் 'பீட்டில்ஸ்' பாடகர் ஜான் லெனன். ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம். 1980 டிசம்பர் 8 அன்று படம் எடுக்கப்பட்டது, அன்று இரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டையில் தலைப்பு வரி ஒன்றுகூட இல்லை. பாடகர் வாசகரின் கண்ணை நேராகப் பார்ப்பது இசை இதழ்களின் பொது வழக்கம்; இங்கே லெனனின் கண்கள் மூடியிருக்கின்றன. அந்த வழக்கம் தெரிந்தவருக்குத்தான் இந்த விலகலின் கனம் புரியும்.

விலையும் அப்படித்தான். 1952இல் தொடங்கிய பிரிட்டிஷ் இசை இதழ் 'என்.எம்.இ.' (நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்) 2015 செப்டம்பரில் இலவச வார இதழானது. காசு கொடுக்கும்படி வாசகரை இணங்கவைக்கும் வேலை அதன்பின் அட்டைக்கு இருக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் வந்த அட்டைகளில் தலைப்பு வரிகளை எண்ணி ஒப்பிடுவது நல்ல பயிற்சி.

பார்கோடுக்கு உட்பொருள் தேட வேண்டாம். ஸ்கேனரின் சிவப்பு ஒளியில் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும் என்பதால்தான் வெள்ளைப் பெட்டியில் கறுப்புக் கோடுகள். வடிவமைப்பாளர் அதை எங்கே ஒதுக்கினார் என்பது மட்டும் கவனிக்கத்தக்கது.

கடைசியாக, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று உறுதிசெய்யுங்கள். சில இதழ்கள் சந்தாதாரருக்குத் தலைப்பு வரிகள் குறைத்த தனி அட்டையை அனுப்புகின்றன. அதைக் கடை அட்டை என்று எண்ணி "இந்த இதழ் எளிமையை விரும்புகிறது" என்று எழுதினால் ஆய்வு முழுவதும் தவறாகிவிடும். பார்கோடும் விலையும் இல்லாத அட்டை கிடைத்தால் முதலில் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.