சொல்லும் அளவும்: வானியலைத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்குவோர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை கடினமான கணிதத்தால் வருவன அல்ல. ஒரே சொல்லை இரண்டு பொருளில் புழங்குவதாலும், ஓர் எண்ணின் அளவை மனத்தில் ஏற்றிக்கொள்ளாமல் கடந்துபோவதாலும் வருவன. தமிழில் படிப்போருக்கு இவை சற்றுக் கூடுதலாகவே நேர்கின்றன. சூரியனையும் கோள்களையும் சூரிய மண்டலம் என்கிறோம். விண்மீன் மண்டலம் என்பதோ சில இடங்களில் ஓரியன் போன்ற வானத்து உருவத்தையும், வேறு இடங்களில் பல்லாயிரம் கோடி விண்மீன்கள் அடங்கிய பெருந்தொகுதியையும் குறிக்கிறது. எனவே எந்த நூலைக் கையில் எடுத்தாலும், அது எந்தச் சொல்லை எதற்கு ஆள்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்வது நல்லது. இக்கட்டுரையில் சூரியனும் கோள்களும் சூரியக் குடும்பம். நம் கண்ணுக்கு உருவமாகத் தோன்றும் விண்மீன்கள் விண்மீன் குழு. உண்மையிலேயே ஒன்றாகப் பிறந்து சேர்ந்து நகர்பவை விண்மீன் கொத்து. ஈர்ப்பால் பிணைந்த பெருந்தொகுதி பேரடை. அனைத்தையும் உள்ளடக்கியது பேரண்டம்.

எண்களில் நேரும் பிழை இதைவிட மோசமானது. ஆங்கிலச் செய்தியிலிருந்து தமிழாக்கும்போது பில்லியனைக் கோடி என்று எழுதிவிடுவதை அடிக்கடி காண்கிறோம். ஒரு மில்லியன் 10 லட்சம். ஒரு பில்லியன் 100 கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. பேரண்டத்தின் வயது 13.8 பில்லியன் ஆண்டுகள், அதாவது 1,380 கோடி ஆண்டுகள். அதை 13.8 கோடி என்று எழுதினால், பேரண்டமே டைனோசர்களுக்குப் பின்னால் பிறந்ததாகிவிடும். அவை தோன்றியது 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர். எழுதிய எண்ணைத் தெரிந்த வேறோர் எண்ணோடு இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழைகள் தாமே விலகும்.

ஒளியாண்டைக் காலத்தின் அளவாகக் கொள்வது அனைவரும் அறிந்த தவறுதான், இருந்தும் நீங்கியபாடில்லை. ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவே ஒளியாண்டு. கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி. ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரத்தை நம் முன்னோர் ‘நாழிகை வழி’ என்று சொன்னதும் இதே முறைதான்: காலத்தின் பெயரால் தூரத்தைச் சொல்வது.

தொலைவை மனத்தில் பதிக்க ஒரு வழி உண்டு. சூரியனை 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சுண்டைக்காயாகச் சுருக்குங்கள். பூமி 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு மாவுத்துகளாகி, சுண்டைக்காயிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவில் நிற்கும். கடைசிக் கோளான நெப்டியூன் சுமார் 32 மீட்டரில், அதாவது தெருவின் மறுகோடியில் இருக்கும். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி எங்கே இருக்கும் என்று கேட்டால், பலரும் பக்கத்துத் தெருவையோ பக்கத்து ஊரையோ சொல்வார்கள். அது இந்த அளவில் ஒரு கடுகாகி, ஏறத்தாழ 290 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். சுண்டைக்காய் சென்னையில் இருந்தால் கடுகு பெங்களூரில். பாடநூல் படங்கள் கோள்களை நெருக்கி வரைவதற்குக் காரணம் தாளின் அகலம் மட்டுமே என்பதை மறக்கக் கூடாது.

விண்மீன் குழுவில் அருகருகே தெரிபவை அருகருகே இருக்கின்றன என்று எண்ணுவது அடுத்த தவறு. ஓரியன் குழுவின் தோள்கள் இரண்டில் ஒன்றான பெல்லாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டுத் தொலைவிலும், மற்றொன்றான திருவாதிரை 500 முதல் 700 ஒளியாண்டுத் தொலைவிலும், காலில் உள்ள ரைஜல் சுமார் 860 ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன. வேறொரு விண்மீனிலிருந்து பார்ப்பவருக்கு அந்த உருவமே கலைந்துபோயிருக்கும். இதற்கு மாறாகக் கார்த்திகை உண்மையான கொத்து. சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவில் ஒரே முகிலிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள். இவ்விரு நிலைகளையும் ஒரே பார்வையில் காண வேண்டுமானால் ரோகிணியைப் பாருங்கள். அதைச் சூழ்ந்து ‘வி’ வடிவில் தெரியும் ஹையடிஸ் கொத்து சுமார் 150 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ரோகிணியோ அதில் பாதிக்கும் குறைவான, சுமார் 65 ஒளியாண்டுத் தொலைவில், கொத்துக்கு எந்த உறவுமின்றி அதற்கு முன்னே நிற்கிறது. தமிழ்ப் பெயர் தெரிந்த விண்மீன்களைக் கொண்டே இதைக் கற்கலாம் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் ஓர் எச்சரிக்கை: பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் என்பது வான வட்டத்தை 27 பங்காகப் பிரித்த ஒரு பகுதி, வானியலில் அது ஒரு தனிப்பொருள். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு.

பிரகாசமாகத் தெரிவது அண்மையில் உள்ளது என்ற எண்ணமும் இதே வகையைச் சேர்ந்தது. இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால் அவ்வாறு தெரிகிறது. இரண்டாமிடத்தில் உள்ள அகத்திய நட்சத்திரமோ சுமார் 310 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்தும் அவ்விடத்தைப் பிடித்திருக்கிறது. ஏனெனில் அது சூரியனைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் ஒளியை உமிழ்கிறது. துருவ நட்சத்திரமோ பிரகாச வரிசையில் முதல் நாற்பதுக்குள்கூட வராது; அதன் சிறப்பு அது இருக்கும் திசையே. நிறத்தைப் பொறுத்தவரை, சிவப்பு என்றால் மிகுந்த வெப்பம் என்ற நினைப்பைக் கொல்லன் உலையில் விட்டுவிடலாம்: இரும்பு முதலில் சிவந்து, பின் மஞ்சளாகி, மேலும் காய்ந்தால் வெண்மை பெறும். சிவந்த திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின் (வெப்பநிலையின் ஓர் அலகு); நீலவெண்மையான ரைஜல் சுமார் 12,000 கெல்வின்.

நாம் காணும் விண்மீன்கள் பலவும் எப்போதோ மடிந்துவிட்டன என்று உருக்கமாகச் சொல்லப்படுவதும் சரியன்று. வெறுங்கண்ணுக்குத் தெரிபவை ஏறக்குறைய அனைத்தும் சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் உள்ளன. அவற்றின் ஆயுளோ பல லட்சம் முதல் பல நூறு கோடி ஆண்டுகள். சில ஆயிரம் ஆண்டு இடைவெளியில் அவை மறைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பேரடையையும் பேரண்டத்தையும் ஒன்றாக்குவது, நூறாண்டுகளுக்கு முன் வானியலாளர்களிடையே கடும் விவாதமாகவே இருந்தது. ஆந்திரமேடா என்ற மங்கலான திட்டு நம் சூரியன் அடங்கிய பேரடையான பால்வெளிக்குள் உள்ள வளிமுகிலா, வெளியே உள்ள தனிப் பேரடையா என்பது 1920இல்கூட முடிவாகவில்லை. 1923 அக்டோபரில் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள், கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த கண்ணாடித் தகட்டில், தாம் ‘நோவா’ (திடீரென ஒளிர்ந்து மங்கும் விண்மீன்) என்று குறித்திருந்த ஒரு புள்ளியின் குறியை அடித்துவிட்டு, ‘மாறும் விண்மீன்’ என்பதன் சுருக்கத்தை ஆச்சரியக்குறியோடு எழுதினார். அது செஃபீடு வகை விண்மீன். அவ்வகையில் ஒளி ஏறி இறங்கும் கால அளவுக்கும் உண்மையான பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பை ஹென்றியேட்டா லெவிட் 1912இல் வெளியிட்டிருந்ததால், தொலைவைக் கணக்கிட முடிந்தது. ஹபிளுக்குக் கிடைத்த விடை சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. பால்வெளிக்கு அப்பால் என்பதற்கு அது போதும். ஆனால் உண்மையான தொலைவு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. இவ்வளவு குறைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், செஃபீடு என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வகை விண்மீன்கள் கலந்திருந்தது; வால்டர் பாடே அவற்றைப் பிரித்துக் காட்டியது 1950களில்தான். சொல்லைப் பிரித்தறியாததன் விலையை வல்லுநர்களும் கொடுத்திருக்கிறார்கள்.

பேரடைகளுக்கிடையே உள்ள இடைவெளியை விண்மீன்களின் இடைவெளியைப் போலவே கற்பனை செய்வதும் தவறு. பால்வெளியை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குச் சுருக்கினால், ஆந்திரமேடா ஏழெட்டு மீட்டரில் இருக்கும் இன்னொரு தட்டு; சென்னைச் சுண்டைக்காய்க்கும் பெங்களூருக் கடுகுக்கும் உள்ள விகிதம் இங்கே இல்லை. அதனால்தான் பேரடைகள் மோதிக் கலப்பது வானில் சாதாரணமாகக் காணக்கிடைக்கிறது. அப்போதும் அவற்றிலுள்ள விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவது அரிது.

மிகுந்த பொறுமையோடு அணுக வேண்டியது பேரண்டத்தின் தொடக்கத்தைக் குறிக்கும் பெருவெடிப்பு. பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயில் 1949இல் ஒரு வானொலி உரையில் பயன்படுத்திய இந்தப் பெயர், எங்கோ ஓரிடத்தில் குண்டு வெடித்துச் சில்லுகள் வெற்றிடத்தில் பறப்பதைப் போன்ற படத்தை மனத்தில் பதித்துவிட்டது. நடப்பது அதுவன்று, இடமே விரிகிறது. தையல் கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் நாடாவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பாசிமணிகளைத் தைத்து, நாடாவை இரண்டு மடங்காக இழுத்துப் பாருங்கள். எந்த மணியிலிருந்து பார்த்தாலும் பக்கத்து மணி ஒரு சென்டிமீட்டரும், பத்தாவது மணி பத்துச் சென்டிமீட்டரும் விலகியிருக்கும். தொலைவில் உள்ளவை விரைவாக விலகுகின்றன, எந்த மணிக்கும் மையம் என்ற தகுதி இல்லை. புள்ளிகளை மையால் வைக்காமல் மணிகளைத் தைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு: மைப்புள்ளி நாடாவோடு சேர்ந்து அகலும், மணி அகலாது. பேரடைகளும் சூரியக் குடும்பமும் நம் உடலும் விரிவதில்லை. அங்கெல்லாம் பிணைக்கும் விசைகள் மேலோங்கி நிற்கின்றன. ஆந்திரமேடா நம்மை நோக்கி வந்துகொண்டிருப்பதும் ஈர்ப்பின் விளைவே. நாடாவுக்கு முனைகளும் நடுவும் உண்டு என்பது மட்டும் இந்த ஒப்புமையின் குறை. பேரண்டத்தில் அப்படி ஒரு நடுவோ ஓரமோ காணப்படவில்லை. பெருவெடிப்பின் எச்சமாக 1965இல் பென்சியாசும் வில்சனும் அறிவித்த நுண்ணலைக் கதிர்வீச்சு, ஒரு மையத்திலிருந்து வராமல் எல்லாத் திசைகளிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது.

வயது 1,380 கோடி ஆண்டு என்பதால் 1,380 கோடி ஒளியாண்டோடு காணக்கூடிய பேரண்டம் முடிகிறது என்று கணக்கிடுவதும் இதே பிழையின் தொடர்ச்சி. ஒளி பயணம் செய்துகொண்டிருந்த காலமெல்லாம் இடமும் விரிந்ததால், அந்த எல்லை இன்று எல்லாத் திசையிலும் சுமார் 4,600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதுவும் நாம் காணக்கூடிய பகுதியின் எல்லையே அன்றிப் பேரண்டத்தின் எல்லை அன்று.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சும் என்ற அச்சத்துக்கு ஒரு வரி போதும்: சூரியனின் இடத்தில் அதே நிறையுள்ள ஒரு கருந்துளையை வைத்தால், பூமி இருளில் உறையுமே தவிர, தன் பாதையில் மாறாமல் சுற்றும்.

கடைசியாக, வானத்தை நேரில் பார்ப்போர் செய்யும் ஒரு தவறு. நிழற்படங்களின் வண்ணங்களைக் கண்ணில் எதிர்பார்த்து ஏமாந்து, ஓரிரு இரவுகளிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தப் படங்கள் நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து எடுக்கப்பட்டவை. நவம்பர் மாத இரவு ஒன்பது மணியளவில், நிலவில்லாத நாளில், ஊர் வெளிச்சத்துக்கு அப்பால், தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வடக்கு நோக்கி நின்று அண்ணாந்து பார்த்தால், ஆந்திரமேடா ஒரு சாம்பல் நிறத் தீற்றலாக மட்டுமே தெரியும். அதற்கும் கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும். இடையில் கைபேசித் திரையைப் பார்த்தால் மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். தீற்றலை நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்வையை வையுங்கள். மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் உள்ளன.