தேதி பின்னோக்கி ஓடும் கணினிக்கு

கணினியை நிறுத்திவிட்டு மறுநாள் போட்டால் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? மதர்போர்டில் (பாகங்கள் எல்லாம் இணையும் முதன்மைப் பலகை) உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். மேசைக் கணினியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் ஒரு ரூபாய் நாணயம் போலப் பளிச்சென்று தெரியும்.

மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது இந்த 3 வோல்ட் வில்லைதான். அது தீர்ந்து தேதி தவறினால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் அடம்பிடிக்கும். இதை வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே மறுபடி நிறுவுபவர்கள் உண்டு; வீண் வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துக் கொக்கியைத் தள்ளிப் பழையதை எடுத்து, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை அமுக்கி, தேதியைச் சரிசெய்யுங்கள்.

நேரம் சில மணி மட்டும் பிசகினால் பெரும்பாலும் பேட்டரி மேல் குற்றமில்லை. நேர மண்டல அமைப்பைப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் இந்தப் பேட்டரி ஒயரோடு உள்ளே ஒளிந்திருக்கும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.