தாளைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள்

அனுபவக் கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி யாராவது உங்களிடம் நீட்டினால், முதலில் சிவப்புப் பேனாவை மூடி வையுங்கள். மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன் நான். அது எவ்வளவு கடினம் என்று தெரியும். சந்திப்பிழை கண்ணை உறுத்தும். உறுத்தட்டும். ஒருமுறை முழுவதும் படித்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்து, "இதை வாயால் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வாயில் வந்து தாளில் வராதது எதுவோ, அதைத்தான் எழுத வைக்க வேண்டும்.

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் பூ வாங்கிக் கட்டி விற்கும் அக்கா ஒருவர், "இந்தத் தொழிலில் நான் பட்ட துன்பங்கள் சொல்லில் அடங்காதவை" என்று தொடங்கியிருந்தார். வாசகர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். இப்படிப்பட்ட இடத்தில் எல்லாம் எந்த மாதம், எந்நேரம், கையில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். கேட்டேன். "மார்கழிதான் தம்பி" என்றார். பனியில் மல்லி வரத்து குறையும், விலை ஏறும். தை பிறந்தால் முகூர்த்தம், இன்னும் ஏறும். விடியுமுன் மொட்டாக வாங்கியதை அன்றைக்கே கட்டி விற்றாக வேண்டும், மறுநாளுக்கு நின்றால் விலை போகாது. நனைத்த வாழைநாரைச் சுற்றி முடிச்சை இறுக்கும்போது குளிரில் விரல் மரத்துப்போய், பிடித்திருப்பது மொட்டின் காம்பா தன் நகமா என்றே தெரியாதாம். இதை எழுதிய பிறகு முதல் வரியை அவரே அடித்துவிட்டார். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது பற்றியும் ஒரு பத்தி இருந்தது. அதனால் உங்கள் கடையில் என்ன மாறியது என்றேன். ஒன்றுமில்லை என்றார். பத்தி போயிற்று.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு நினைப்பு உண்டு: மதுரைக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும். "எதிர்சேவை முடிந்து ஆற்றுக்குப் போனோம்" என்று எழுதினால் வெளியூர் வாசகர் விழிப்பார். சித்திரைத் திருவிழாவில் வைகை ஆற்றில் இறங்க அழகர்கோவிலிலிருந்து வரும் கள்ளழகரை மூன்றுமாவடி, தல்லாகுளம் பக்கம் மக்கள் எதிர்கொண்டு வணங்குவது என்று ஒரு வரி போதும். அழகர் சாபம் தீர்த்த மண்டூக முனிவர் வரைக்கும் தலபுராணம் விரிந்தால், எழுதியவர் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடுவார்.

அன்று தெரிந்ததையும் பின்னால் தெரிந்துகொண்டதையும் ஒரே வாக்கியத்தில் கலக்க விடாதீர்கள். பெரியவர் ஒருவர், சிறுவயதில் அப்பா தோளில் உட்கார்ந்து வைகையில் தண்ணீரைப் பார்த்ததை எழுதினார். அதே மூச்சில், அது அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் என்றும் விளக்கிவிட்டார். அவர் வாயால் சொன்ன கதை வேறு. மணலாகக் கிடந்த ஆறு, அழகர் வருகிறார் என்று தானே வந்துவிட்டதாக அந்தப் பையன் நம்பியிருக்கிறான். வாசகரும் கொஞ்ச நேரம் அப்படியே நம்பட்டும். அணையை இரண்டு பத்தி தள்ளிச் சொல்லிக்கொள்ளலாம்.

எதைச் செய்தாலும் வாக்கியத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ஓரத்தில் பென்சிலால் கேள்வி மட்டும் போடுங்கள். பதிலை அவர் தன் பேச்சில் எழுதிக்கொண்டு வரட்டும். பிறகு அந்தத் தெருவையோ தொழிலையோ அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, என்ன நடந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே இன்னொரு பென்சில் கோடு. சந்திப்பிழைக்கு அப்புறம் வரலாம்.